இட்டலியைத் திருத்தாதீங்கய்யா!

"இட்டலி"ன்னு அடிச்சா உடனே அடியில சிவப்புக் கோடு. சில போன்ல அனுமதிகூட கேட்காம "இட்லி"ன்னு மாத்திடும். சரி, அது மெஷின், விட்டுத்தொலைக்கலாம். பழைய சமையல் புத்தகத்தை மறுபதிப்புக்குத் தட்டச்சு பண்ணும்போது மெய்ப்புப் பார்க்கிற மனுஷனும் அதையே பண்றாரே, அவரை என்ன பண்றது?

அது பிழையே இல்லை. இலக்கணம் பேசினா உதைக்கிறது "இட்லி"தான். தமிழ்ச் சொல்லுக்குள்ள ட் வந்தா பின்னால இன்னொரு டகரம் வரும், இல்லேன்னா க, ச, ப வரும். வட்டம், வெட்கம், காட்சி, நட்பு. லகரம் வராது; தொல்காப்பியத்தோட முதல் இயலான நூன்மரபுலயே இருக்கிற விஷயம். இட்டலி, இட்டிலி ரெண்டும் அந்த வழக்கத்துக்குள்ள அடங்குற எழுத்து. தொட்டுக்கிற சட்னியையும் அப்படித்தான் சட்டினின்னு எழுதினாங்க. கன்னடத்துல பத்தாம் நூற்றாண்டு நூலான வட்டாராதனையில இதன் பேர் "இட்டலிகெ". நடுவுல அகரம் இருக்கு பாருங்க. தேய்ஞ்சது நம்ம வாய்ல.

இட்லின்னு எழுதாதேன்னு சொல்லலை. தாராளமா எழுதுங்க, சாப்பிடுங்க. பழசை அழிக்காதீங்க, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்ல தேடுற கொடுமை தனி. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடு கணக்குல புள்ளி, இகரக் கொக்கி எல்லாம் தனித்தனிக் குறி. அப்படிப் பார்த்தா இட்லிக்கு 5 குறி, இட்டலிக்கு 6, இட்டிலிக்கு 7. ஒரு குறி வித்தியாசத்தை மன்னிக்கிற தேடல்னா இட்டலி மாட்டும், இட்டிலி நழுவிடும். சரின்னு ரெண்டா தளர்த்தினா "கட்சி"யும் வந்து இலையில உட்காரும்! இட்லிக்கும் கட்சிக்கும் ரெண்டே குறிதான் வித்தியாசம். தளர்த்துறது வேலைக்காகாது. இட்லி, இட்டலி, இட்டிலி மூணும் ஒண்ணுன்னு தேடலோட இணைச்சொல் பட்டியல்ல ஒரே ஒரு வரி சேர்க்கணும். அதையும் முழுச்சொல்லா இல்லாம சொல்லோட தொடக்கமா வைக்கணும். இல்லேன்னா இட்டலிக்கு, இட்டலிப்பானை, இட்டலித்தட்டு எதுவும் சிக்காது.

மறுபதிப்புக்காரங்களுக்கும் வழி அதேதான். உள்ள இருக்கிற எழுத்தைத் தொடாம, கடைசியில சொல்லடைவுல மட்டும் "இட்லி: பார்க்க, இட்டலி"ன்னு போடுங்க. மொத்தமா மாத்துற பொத்தானை அமுக்கினா இட்டலி மட்டும் மாறும், இட்டிலி அப்படியே நிக்கும். அப்புறம் ஒரே பக்கத்துல ரெண்டு எழுத்து. கடைசியில பழியை அந்தக் காலத்து எழுத்தாளர் தலையில கட்டுவாங்க!