ஹான்காக் கட்டடம் ஏன் மேலே போகப் போக ஒடுங்குகிறது?

சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் முகப்பில் தெரியும் பெரிய பெருக்கல் குறிகளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் குறுக்குச் சட்டங்கள் புகழுக்கு உரியவைதான். ஆனால் 100 மாடிகளும் 344 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கட்டடத்தில் வடிவமைப்பாளர்கள் முதலில் படிக்க வேண்டியது அதன் ஒடுங்கும் உடல்வாகு என்பது என் கருத்து. கடை, வண்டி நிறுத்தம், அலுவலகம், வீடு ஆகிய நான்கையும் ஒரே கட்டடத்தில் வைப்பது என்று எடுத்த முடிவிலிருந்துதான் அந்த வடிவம் பிறந்தது. அழகு அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

1960களின் நடுவில் ஜெரி வுல்மன் என்ற முதலீட்டாளருக்காக ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் நிறுவனம் இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம். கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1952இல் டாக்காவிலிருந்து இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன வங்காளி. அலுவலகத்துக்கு ஒரு கோபுரம், குடியிருப்புக்கு ஒரு கோபுரம் என்பதுதான் தொடக்க யோசனை. அப்படிக் கட்டினால் மனையின் பெரும்பகுதி அடைபட்டுப் போகும். ஒரு கோபுரத்தில் குடியிருப்பவர் ஜன்னலைத் திறந்தால் எதிரே மற்றக் கோபுரத்தின் சுவர்தான் தெரியும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடலாம் என்று முடிவானது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அலுவலகத் தளம் அகலமாக இருக்கலாம்; நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் நாள் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் வேலை பார்த்துவிட்டுப் போய்விடுவார். வீட்டில் அது செல்லாது; படுக்கையறைக்கும் கூடத்துக்கும் ஜன்னல் வேண்டும் என்பதால், வெளிச்சுவரிலிருந்து லிப்ட் சுவர் வரை உள்ள தூரம் ஓரளவுக்கு மேல் போனால் அந்த இடம் இருட்டறையாகி வீணாகிவிடும். அதோடு, மேலே போகப் போக ஒவ்வொரு லிப்ட் தொகுதியாக நின்றுவிடுவதால் நடுப்பகுதிக்குத் தேவைப்படும் இடமும் குறைந்துகொண்டே வரும். இந்த இரண்டையும் சேர்த்து வரைந்து பார்த்தால் சாய்ந்த சுவர் தானாகவே வந்து நிற்கிறது. அடியில் ஏறத்தாழ 80க்கு 50 மீட்டர் இருக்கும் கட்டடம் உச்சியில் ஏறத்தாழ 50க்கு 30 மீட்டராகச் சுருங்குகிறது. காற்று அதிகமாகத் தாக்கும் உயரத்தில் பரப்பு குறைவதும், கால்கள் விரிந்து நிற்பதும் பொறியாளருக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

கான் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையும் ஒரே விறைப்பான குழாயாக்கினார். காற்றின் பக்கவாட்டு விசையைக் குறுக்குச் சட்டங்கள் வாங்கி மூலைத் தூண்களுக்கும் மற்றத் தூண்களுக்கும் பகிர்ந்துகொடுத்துக் கீழே இறக்குகின்றன. 1931இல் எழுந்த 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் கட்டடம் தளப்பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ எஃகை விழுங்கியது. ஹான்காக்குக்குச் சுமார் 145 கிலோ போதுமானதாக இருந்தது. உயரத்துக்காக அபராதம்போலக் கொடுக்க வேண்டிய கூடுதல் எஃகை இவ்வளவு குறைத்திருக்காவிட்டால், 90ஆவது மாடியில் வீடு என்பது கணக்கில் கட்டுபடியாகியிருக்காது.

பலரும் தொடாமல் விடும் இன்னொரு பகுதி, காற்றில் கட்டடம் ஆடும் ஆட்டம். புயல் நாளில் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய்விடலாம். வீட்டில் இருப்பவர் அந்த இரவு முழுவதும் கட்டிலில் படுத்தபடி கட்டடத்தின் அசைவை உணர வேண்டியிருக்கும். மனிதர்கள் எவ்வளவு அசைவைப் பொறுப்பார்கள் என்பதற்கு அன்று நம்பகமான அளவுகோல் இல்லாததால், சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு சுழலும் மேடையில் ஆட்களை ஏற்றிச் சோதித்துப் பார்த்தார் கான். கணினி மாதிரிகள் குவிந்து கிடக்கும் இந்தக் காலத்திலும், குடியிருப்பவரின் உடம்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த எண்ணம் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

கட்டடத்துக்குள் போக்குவரத்தைப் பிரித்த விதமும் கவனிக்கத்தக்கது. கீழே கடைகள், அவற்றின்மேல் சுழல்பாதையில் ஏறிப் போகும் வண்டி நிறுத்தத் தளங்கள், பிறகு அலுவலகங்கள், 44ஆவது மாடியில் குடியிருப்பவர்களுக்கான கூடம், அதற்குமேல் 92ஆவது மாடி வரை சுமார் 700 வீடுகள். அலுவலகம் போகிறவர் மிச்சிகன் அவென்யூவின் 875ஆம் எண்ணுக்கு வருவார். குடியிருப்பவரின் முகவரியோ கிழக்கு டெலாவேர் பிளேஸ் 175. வீட்டுக்காரர் நடுவழியில் நிற்காத நேர் லிப்டில் 44க்குப் போய் அங்கே வேறு லிப்ட் மாறுகிறார். அந்த மாடியிலேயே மளிகைக் கடையும் நீச்சல் குளமும் இருக்கின்றன. பனி கொட்டும் வாரத்தில் பால் வாங்கக்கூடக் கீழே இறங்க வேண்டாம். இந்த வசதியைப் பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி மனம்தான். நாலு தொழில் நடக்கும் கட்டடத்தில் நாலு வகை மனிதரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே வந்து போக முடிகிறது என்றால், தெருவுக்கு அந்தக் கட்டடம் கொடுத்தது என்ன என்று கேட்கத்தான் வேண்டும். வாசலில் பள்ளத்தில் இறக்கிக் கட்டிய முற்றம் ஆரம்பத்தில் யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. 1990களில் அதை மாற்றி அமைத்தார்கள்.

கட்டிய கதையும் சுகமானதன்று. 1966இல் எஃகுச் சட்டகம் சுமார் 20 மாடி ஏறியிருந்தபோது ஒரு தூண் ஏறத்தாழ 1 அங்குலம் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், அடித்தளத் தூணுக்கு வார்த்த கான்கிரீட்டின் நடுவே பொந்து. வார்க்கும்போது சுற்றியிருந்த எஃகு உறையை மேலே உருவியதில் கான்கிரீட்டும் கூடவே எழும்பி, அந்த இடத்தில் மண் புகுந்துவிட்டது. வேலை மாதக்கணக்கில் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது, வுல்மன் நொடித்துப் போனார். கடன் கொடுத்திருந்த ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் திட்டத்தைத் தன் கைக்கு எடுத்து முடித்தது. கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்தில் பணத்தின் இயல்பே இதுதான்: கடையைத் தனியாக, வீட்டைத் தனியாகப் பகுதி பகுதியாகத் திறந்து வாடகை வாங்கலாம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால் அத்தனைக்கும் அடித்தளம் ஒன்றுதான். அங்கே வேலை நின்றுபோனால் எல்லா வருமானமும் சேர்ந்தே நின்றுபோகும்.

1973இல் வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. பின்னாளில் அலுவலகம், கடைகள், வண்டி நிறுத்தம், காட்சிக்கூடம், ஆன்டெனா என்று உரிமைகள் மேலும் பிரிந்தன. 2018இல் பெயரும் போய், இப்போது முகவரியே கட்டடத்தின் பெயர். அதே ஆண்டு நவம்பரில் 95ஆவது மாடியிலிருந்து இறங்கிய ஒரு நேர் லிப்டின் வடங்களில் ஒன்று அறுந்து, உள்ளே 6 பேரோடு 11ஆவது மாடி அருகே போய் நின்றது. நடுவழியில் நிற்காத லிப்ட் என்பதால் அந்தக் குழிக்கு அங்கே கதவே இல்லை. தீயணைப்பு வீரர்கள் வண்டி நிறுத்தத் தளத்தின் சுவரை உடைத்துத்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். பழுதானது மேலே அப்போது இருந்த உணவகத்துக்குப் போய்வந்த லிப்ட், உடைபட்டது வேறொருவர் பொறுப்பில் இருந்த தளத்தின் சுவர். ‘கலப்புப் பயன்பாடு’ என்று விளம்பரம் போட்டு விற்கும் கோபுரங்களில் வீடு பார்க்கிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, எந்தக் குழாயும் எந்தக் குழியும் யார் கணக்கில் வருகின்றன என்று வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.