முதலில் சந்தை, பிறகுதான் பட்டியல்

திங்கள் கரட், செவ்வாய் லீக்ஸ், புதன் போஞ்சி என்று கிழமைச் சமையல் அட்டவணைகள் முகநூலில் சுற்றுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கரட்டும் லீக்ஸும் குளிர் கேட்கும் பயிர்கள். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் பிடுங்கி, லொறியில் மட்டக்களப்புக்கு வந்து இறங்கும்போது பாதி உயிர் போயிருக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை நமக்கு மழைக்காலம். பாதையில் வெள்ளம் ஏறிவிட்டால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

என் கட்சி வேறு. வெறும் பையோடு சந்தைக்குப் போங்கள். மட்டக்களப்புக்குத் தெற்கே களுதாவளை மணலில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த கத்தரி, வெண்டி, பயற்றங்காய் என்று எது மலிந்து கிடக்கிறதோ அதை வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கிழமையைப் பிரியுங்கள். எது முதலில் வாடுமோ அதுவே முதலில் சட்டிக்குப் போக வேண்டும். வாங்கிய அன்றே கீரை. முருங்கை இலை கிடைத்தால் துருவிய தேங்காய்ப்பூவும் கூனி இறாலும் போட்டுச் சுண்டல் (கூனி இல்லாததை நான் சுண்டல் என்று ஒப்புக்கொள்வதில்லை). மறுநாள் வெண்டிக்காய், அதற்கடுத்துப் பயற்றங்காய். கத்தரிக்காய் கொஞ்சம் பொறுக்கும், கிழமை நடுவில் பால்கறி வைக்கலாம். வெட்டாத பூசணி எத்தனை நாள் கிடந்தாலும் கோபிக்காது. கடைசி நாளில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் புளிப்பான நீர்க்கறியான புளியாணமும் சுட்ட கருவாடும் போதும். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாகச் செலவாகிறது.

மாரி ஓய்ந்ததும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காடு வெட்டி மழை நீரில் செய்யும் சேனைப் பயிரான சோளனும் பூசணியும் வரத் தொடங்கும். அந்த நாட்களிலும் விருந்தாளி வந்தால் கரட் வாங்க ஓடுகிறோமே, அதுதான் எனக்குப் புரிவதில்லை. பூசணிக்காய்க் கறி வைத்தால் கௌரவம் குறைந்துவிடுமா? கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்தில் பல வீடுகளில் சந்தைக்குப் போவது கணவர், சமைப்பது மனைவி. சீட்டில் எழுதியது கிடைக்கவில்லை என்றால் கடைக்குக் கடை அலைந்து, கேட்ட விலை கொடுத்து, முற்றிய வெண்டிக்காயோடு வருவார்கள். நான் சீட்டு எழுதுவதையே விட்டுவிட்டேன். மலிந்ததை, பிஞ்சாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்று காசை மட்டும் கொடுக்கிறேன். வாங்கி வருகிறவரே கீரையும் ஆய்ந்து தர வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. அதன் பிறகு பூச்சி அரித்த கட்டு ஒன்றும் வீட்டுக்கு வருவதில்லை.