மூடுகண்ணாடி நொறுங்கும் சத்தம்

'கிரிக்' என்று ஒரு சின்ன சத்தம். ஆய்வகத்தில் எந்த மூலையில் நின்றாலும் என் காதில் விழுந்துவிடும். யாரோ நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு பெரிய திருகைச் சுழற்றி, லென்ஸை ஸ்லைடில் இடித்திருக்கிறார்கள். ஸ்லைடில் மாதிரியின் மேல் மூடியிருக்கும் மூடுகண்ணாடியின் தடிமனே 0.17 மில்லிமீட்டர்தான், எப்படித் தாங்கும்? அந்த லென்ஸுக்கு வந்தபின் சின்னத் திருகை மட்டும் தொடுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

சரி, உடைந்ததைச் சொல்லவாவது செய்யலாம் அல்லவா? சத்தமில்லாமல் பெட்டியில் செருகிவிட்டுப் போகிறார்கள். அதுவும் அதிக உருப்பெருக்கத்தில் பார்க்க ஸ்லைடில் விட்ட எண்ணெயைத் துடைக்காமல். அடுத்த வாரம் எடுத்தால் தூசி அப்பி, லேபிள் ஊறி, எழுத்து கரைந்து கிடக்கிறது. லேபிள் போன ஸ்லைடு இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்த உயிரி, எந்த உறுப்பு, என்ன சாயம், எதுவும் தெரியாது.

ஜன்னலோர வெயிலில் ஸ்லைடுத் தட்டை விட்டுப் போவது இன்னொரு கொடுமை. வெளிச்சம் பட்டுப் பட்டு இயோசின் சாயத்தின் இளஞ்சிவப்பு வெளிறிப்போகிறது. இருட்டான அலமாரியில் படுக்கை வசமாக வைக்க அரை நிமிடம் ஆகுமா?

நேற்று நொறுங்கியது வெங்காய வேர் நுனி. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்து போவது அத்தனை தெளிவாகத் தெரிந்த ஸ்லைடு எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது.