அழுதால்தான் நடிகனா?

2023-இல் ‘மாமன்னன்’ வந்தபோது திரும்பின பக்கமெல்லாம் ஒரே பேச்சு. “வடிவேலுக்குள்ள இப்படி ஒரு நடிகன் இருந்திருக்கானே!” பாராட்டுத்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அப்போ இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்ன பண்ணிட்டு இருந்தாராம்?

‘மாமன்னன்’ நல்ல வேஷம், மறுக்கவில்லை. ஆனால் அடி வாங்கிட்டு வந்து, “ரொம்ப நல்லவன்னு சொல்லிட்டாங்க” என்று விம்முவாரே, அந்தக் காட்சியை இன்னொரு தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். உதடு நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது. நிஜமான அழுகை அது. நாம் சிரிப்பதால் அது நடிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? ‘தேவர் மகன்’ (1992) இசக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பூட்டை உடைக்கப் போய்க் கை போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, இனிமேல் சாப்பிடவும் கழுவவும் ஒரே கைதான் என்று சாதாரணமாகச் சொல்வார். சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிடுவான். அதற்கு 31 வருஷம் கழித்துத்தான் நாம் அவரை ‘கண்டுபிடித்தோம்’!

நாகேஷுக்கு நடந்தது இதைவிட மோசம். 1994-இல் இரண்டு படம். ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. அதே வருஷம்தான் ‘மகளிர் மட்டும்’. அதில் அவர் பிணம். ஒரு வசனம் கிடையாது. ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் இழுத்த இழுப்புக்கெல்லாம் போக வேண்டும், கண்ணிமை அசையக் கூடாது, உடம்பு பிணம் போலவே துவள வேண்டும், தியேட்டரும் குலுங்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த இரண்டில் கஷ்டமானது பிணம்தான். விருதுக் குழு அழுகைக்குத்தான் மார்க் போட்டது. ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தியையும் ‘திருவிளையாடல்’ தருமியையும் பார்த்து வளர்ந்த ஊரில் இப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல காமெடியில் ஒருவராவது அதை நாடகமாகவே நடித்தாக வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியில் நாம் யாரைப் பார்க்கிறோம்? வாயாலேயே கதவைத் திறந்து காற்றை அடிக்கவிடுகிற நாகேஷையா? எனக்கு எப்போதும் பாலையாதான். பயப்படுகிற முகம், துண்டைப் பிடிக்கிற கை, ‘போதும்டா’ என்று கெஞ்சுகிற கண். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தவர். இந்தக் காட்சியில் ஒரு இடத்தில்கூட அவர் சிரிப்பு மூட்டப் பார்க்கவில்லை. நிஜமாகவே பயப்படுகிறார், அவ்வளவுதான். அவர் இடத்தில் கண்ணை உருட்டிச் சேட்டை செய்கிற ஒருவரைப் போட்டிருந்தால் அறுபது வருஷம் நின்றிருக்குமா?

இது மறுபக்கமும் பொருந்தும். சிரிப்பே இல்லாத சீரியஸ் படம் எனக்கு ஒத்துவராது. முதல் காட்சியிலிருந்து மழை, வயலின், கண்ணீர். சாவு வீட்டிலேயே பின்கட்டில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பின்கட்டுக்குப் போகாத டைரக்டரை நான் நம்புவதில்லை. ‘ஆண்டவன் கட்டளை’ (2016) இதைச் சரியாகப் பிடித்த படம். லண்டன் போக ஆசைப்பட்டு, இல்லாத மனைவிக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு பேரை எழுதிவிட்டு, அப்புறம் அதை நீக்குவதற்காக அந்தப் பேருள்ள ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து விவாகரத்து வாங்க அலைகிற கதை. கேட்டாலே சிரிப்பு வரும். நடுவில் ஈழத்திலிருந்து வந்த நேசன் வாயைத் திறக்காமல் நிற்பார். பாஸ்போர்ட் என்றால் அவருக்கு வேறு, நமக்கு வேறு என்பது அப்போது உறைக்கும். யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

பிரசங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு மணி நேரம் வயிறு குலுங்க வைத்துவிட்டு, கடைசி இருபது நிமிஷம் ஹீரோவை மைக் முன்னால் நிறுத்திச் சமூகத்துக்கு அட்வைஸ் பண்ண வைக்கும் வியாதி ஒன்று இருக்கிறது. காமெடி மட்டும் எடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வகையில் ‘குடும்பஸ்தன்’ (2025) மேல எனக்குப் பிரியம். வேலை போய்விட்டதை வீட்டில் மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் கோயம்புத்தூர்க்காரன். எனக்குச் சிரிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. கடைசிப் பகுதி கொஞ்சம் இழுவை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கவுண்டமணியை எங்கேடா காணோம் என்று கமென்டில் வரப்போகிறீர்கள், தெரியும். அவரை நாலு வரியில் அடக்க முடியாது, தனிப் பதிவு போடுகிறேன். அதற்குள் ‘மகளிர் மட்டும்’ கிடைத்தால் பாருங்கள், நாகேஷின் கழுத்தை மட்டும் கவனித்து.