சும்மா கிடக்கும் காணி அல்ல அது

சனிக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு வெள்ளவத்தையில் வீட்டுக் கதவைப் பூட்டினேன். இரவு முழுவதும் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்காவின் மகளுக்கு 11 வயது. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டியபடி, பாதித் தூக்கத்தில் முச்சக்கர வண்டியில் ஏறினாள். விடிவதற்குள் பத்தரமுல்லையைக் கடந்து தலங்கம வயல்வெளியில் நின்றுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். வெயில் ஏறினால் சேற்றுநீர் கண்ணைக் கூச வைக்கும். அதற்குப் பிறகு, சேற்றில் இரை தேடும் நீண்ட அலகுப் பறவையான உள்ளான் எதையும் இனங்காண முடியாது.

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கியிருந்த ஒக்டோபர் அது. குளத்துக்குக் கீழே சில வயல்கள் உழுது நீர் கட்டப்பட்டிருந்தன. சில வயல்களில் இன்னும் போன போகத்தின் அடித்தாள்.

"மாமா, இங்கே ஒன்றுமே இல்லையே!"

வரம்பில் உட்காரச் சொன்னேன். பத்து நிமிடம் போயிருக்கும். சேற்றுக்கட்டி ஒன்று நடந்தது. பக்கத்துக் கட்டியும் நடந்தது. முதுகில் வெள்ளைப் பொறி தெளித்த பொறி உள்ளான்கள்! வாலை ஆட்டி ஆட்டி, விரல் ஆழ நீரில் கொத்திக்கொண்டு போயின. எண்ணத் தொடங்கினோம். 34 வரை வந்தோம். ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ள உயிர் இது. வடக்கு ஐரோப்பா முதல் சைபீரியா வரை பரந்த ஈரக் காடுகளில் முட்டையிட்டு, குளிர் வருமுன் தெற்கே கிளம்பிவிடும். இந்தியாவைக் கடந்து வருபவைக்கு நம் தீவுதான் தென்கோடி. இங்கிருந்து தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான்.

சற்றுத் தள்ளி ஐந்து பொன்னிற உப்புக்கொத்திகள் நின்றன. ஒன்றின் வயிற்றில் இனப்பெருக்க காலத்துக் கருமை இன்னும் திட்டுத் திட்டாக இருந்தது. ஆர்க்டிக் பகுதியில் அணிந்த உடையைக் கொழும்பு மாவட்டத்துச் சேற்றில் நின்று மாற்றிக்கொண்டிருந்தது அது. எத்தனை ஆண்டு பார்த்தாலும் இந்தக் காட்சி என்னை உலுக்கிவிடுகிறது.

எழுந்து நடந்தபோது காலடியிலிருந்து ஊசிவால் உள்ளான் ஒன்று கரகரத்த குரலோடு கிளம்பி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறந்தது. அதன் நீண்ட அலகின் நுனி மட்டும் தனியே திறக்கும். சேற்றுக்குள் அலகைச் செலுத்தி, வெளியே எடுக்காமலே புழுவைப் பிடித்து விழுங்கும். அப்படி வெட்டிப் பறப்பதைச் சுடுவது கடினம் என்பதால்தான், 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் உள்ளான் வேட்டையாடிய ஆங்கிலேயரிடையே 'ஸ்னைப்' என்ற அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து 'ஸ்னைப்பர்' என்ற சொல் பிறந்தது. எங்கள் தலைமுறை அந்தச் சொல்லை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. மருமகளிடம் பறவையின் கதையை மட்டும் சொன்னேன்.

எட்டு மணிக்குக் கை உழவு இயந்திரத்தோடு அந்த வயலின் கமக்காரர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டின. செம்பருந்து ஒன்று தாழ வட்டமிட, ஆட்காட்டிகள் ஊரைக் கூட்டின. (மட்டக்களப்பில் பிறந்த என் அம்மாவுக்கு அது ஆக்காண்டி.) வயல் முழுவதும் ஒரே நொடியில் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் இறங்கியது. பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பக்கத்து வயலைக் காட்டி, அது ஆறு வருடமாக விதைக்கப்படவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். கூலி கட்டுப்படியாகவில்லையாம். தன் மகனுக்கும் இதில் நாட்டமில்லையாம்.

அந்த வயலையும் தொலைநோக்கியில் துழாவினேன். இடுப்பளவு புல், ஓரத்தில் அன்னமுன்னா இனத்து அந்நிய மரங்கள். ஒரே ஒரு உள்ளான்கூட இல்லை. இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்தது ஒரு வரம்பு மட்டும்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். வயலை விட்டுவிட்டால் இயற்கை தானாக அதை எடுத்துக்கொள்ளும், பறவை பெருகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கரையோரப் பறவைக்கு அது பொருந்தாது. அதற்குத் திறந்த வெளி வேண்டும், பருந்து வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். கலப்பை புரட்டிய மண் வேண்டும், அதன்மேல் விரலளவு நீர் வேண்டும். இந்த நான்கையும் ஒரே இடத்தில் உண்டாக்குவது அந்தப் பெரியவர்தான். உழுது, மட்டப்படுத்தி, நீரை வடித்து முளைநெல் விதைக்கும் வரை சில வாரங்கள். பயிர் உயர்ந்ததும் உள்ளான்கள் அடுத்த வயலுக்குப் போகும். அடுத்த வயல் இருக்க வேண்டுமே!

2018ஆம் ஆண்டு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சர் சாசனத்தின் ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தெற்காசியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது கொழும்பு மட்டும்தான். பெருமைதான். பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களை நானும் விரும்புகிறேன். மருமகளுக்கு மீன்கொத்தியையும் நீர்க்கோழியையும் அறிமுகப்படுத்தியது அங்கேதான். ஆனால் மரப்பலகைப் பாதையில் நின்று உப்புக்கொத்திக் கூட்டம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பூங்காவைக் காட்டி வயலின் கணக்கைத் தீர்க்க முடியாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்பக் கூடாது. அப்படியிருந்தும் விடுமுறைக் காலத்து இரவுகளில் செம்மண் லொறிகள் வயலோரத்தில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு அது 'சும்மா கிடந்த காணி' என்று பேர்ச் கணக்கில் விலைக்கு வரும். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மழைநீரைத் தாங்கி நிற்கும் தாழ்நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது? அதை நிரப்பவிடாமல் தடுப்பது பாதி வேலைதான். உழுகிறவருக்கு உழவு கட்டுப்படியாகும்படி செய்வது மீதிப் பாதி. தலைநகரத்தின் ஓரத்தில் விதைக்கும் கமக்காரருக்கு, அவர் வயலில் தேங்கும் மழைநீருக்காகவும் இறங்கும் பறவைகளுக்காகவும் பொதுப் பணத்திலிருந்து ஒரு தொகை கொடுத்தால் அதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

பெரியவர் புதன்கிழமை கீழ் வயலை உழுவதாகச் சொன்னார். வரும் போயா விடுமுறையன்று நானும் மருமகளும் மறுபடி போகிறோம். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், பறவைகள் மிரளும். வரம்பு வழுக்கும், பழைய செருப்போடு வாருங்கள்.