ஐந்து நாளுக்கு நான்கு நாள் பணம்
மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட தொகை தருவது மருத்துவமனை தினப்படி பாலிசி. மருத்துவக் காப்பீடு இருப்பவருக்கு அது வீண்செலவு என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. சென்ற ஆண்டு அம்மாவை ஐந்து நாள் சேர்த்திருந்தோம். சிகிச்சைச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. கையுறை, பஞ்சு, ஆட்டோ, துணைக்கு இருந்தவர் சாப்பாடு, நான் இழந்த சம்பளம் எல்லாம் எங்கள் தலையில்தான். அப்போது அம்மா பெயரில் இருந்த தினப்படி பாலிசிதான் கைகொடுத்தது, நாளொன்றுக்கு 2,000 ரூபாய். பில் எவ்வளவானாலும் அதே தொகை. ஆனால் நான்கு நாள் பணமே வந்தது. முதல் 24 மணி நேரம் கழிவாம், அதற்குப் பணம் கிடையாதாம்! பாலிசியை விற்ற ஏஜென்ட் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. கண்புரை போல அன்றே வீடு திரும்பும் சிகிச்சைக்கும் பல பாலிசிகளில் காசு கிடையாது. கட்டுரையாளர் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?