‘இல்லை’ என்று சொல்லும் கடைக்காரர்தான் எனக்கு வேண்டும்

பெங்களூரில் உடம்பு சரியில்லாத ஒருவர் ஆர்கானிக் உணவு தேடிக் கிளம்பினால், அவரைப் போல எளிதில் ஏமாறக்கூடிய வாடிக்கையாளர் வேறு யாரும் கிடையாது. உள்ளே பயம் இருக்கும். எப்படியாவது சரியாகிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். “விலையைப் பார்க்காதே, நல்லதா வாங்கு” என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்லிவிடுவார்கள். இந்த மூன்றும் சேர்ந்த ஆளிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம். விற்கவும் செய்கிறார்கள்.

எனக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். டயாலிசிஸ் வரை போகவில்லை. ரத்த அழுத்தம், சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்தால் இப்படியே பல வருடம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்மையில் அல்சூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கும் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியிருப்பது தெரிந்தது. உடனே போன் செய்து அவள் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, நல்ல ஆர்கானிக் கடை எது?” போனில் சொன்னது அவளுக்குப் போதவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

ஆர்கானிக் முத்திரை ஒரு பொருள் எப்படி விளைந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். நம் உடம்புக்குள் போய் அது என்ன செய்யும் என்று சொல்லாது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் சரியாக வெளியேறாது, ரத்தத்தில் ஏறும். ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஒரு பெரிய டம்ளர் இளநீரில் அரை கிராம் அளவுக்குக்கூட பொட்டாசியம் இருக்கும். அந்தத் தென்னைக்கு யூரியா போட்டார்களா, பஞ்சகவ்யம் ஊற்றினார்களா என்பதால் இது மாறிவிடாது. ஆர்கானிக் தக்காளி, ஆர்கானிக் வாழைப்பழம், ஆர்கானிக் கீரை எல்லாம் அப்படித்தான். ஆர்கானிக் வெல்லமும் சர்க்கரை நோயாளிக்கு வெல்லம்தான்.

இந்திராநகரில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். வாசலில் கன்னடத்தில் ‘சாவயவ’ (ஆர்கானிக்) என்று அழகான பலகை, உள்ளே மூங்கில் கூடைகள், மண்பானைகள். கல்லாவுக்குப் பக்கத்தில் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று எழுதிய ஒரு பொடி டப்பா. திருப்பிப் பார்த்தேன். நெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டு என்று பட்டியல் மட்டும் இருந்தது. எது எவ்வளவு என்று அளவு இல்லை. “இதில் பொட்டாசியம் எவ்வளவு தம்பி?” என்று கேட்டேன். “நேச்சுரல்தான் மேடம், எந்த பேஷண்ட்டும் சாப்பிடலாம், பயப்படாதீங்க” என்றான் அந்தப் பையன். அடுத்த தட்டில் இருந்த சோடியம் குறைந்த உப்பையும் எடுத்து நீட்டி, பி.பி.க்கு ரொம்ப நல்லது என்றான். இந்த வகை உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். பி.பி. மட்டும் இருப்பவருக்கு அது உதவலாம். பி.பி.யோடு சிறுநீரகமும் பழுதான ஒருவர் தினமும் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும்? அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. அப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தவர்கள்மீது இருக்கிறது. சாதாரண உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளே சொல்கின்றன. கடைகளில் அந்த விதியைக் கண்டுகொள்வார் இல்லை.

இயற்கையாக விளைந்தது எதுவும் கெடுதல் செய்யாது என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. கேரளத்தில் இரும்பன்புளிச் சாற்றை, கொழுப்பு குறையும் என்று நம்பி நிறையக் குடித்தவர்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காய்க்கும் காய் அது. அதில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்புதான் காரணம். பெங்களூரில் தள்ளுவண்டியில்கூடக் கிடைக்கும் நட்சத்திரப் பழமும் எங்களுக்கு ஆகாது. ஒரு துண்டுகூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

அப்படியென்றால் ஆர்கானிக்கே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2012-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஆர்கானிக் உணவில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பது தெரிந்தது. 2014-ல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆர்கானிக் பயிர்களில், முக்கியமாகத் தானியங்களில், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாக இருந்தது. இந்த இரண்டாவது செய்தியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காட்மியம் முக்கியமாகப் போய்ச் சேரும் இடமே சிறுநீரகம்தான். ஒரு தடவை சேர்ந்தால் பல வருடம் அங்கேயே கிடக்கும். ரசாயன பாஸ்பேட் உரம் வழியாகவும் அது மண்ணுக்கு வருகிறது. அதனால்தான் எங்கள் வீட்டில் ஆர்கானிக்குக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அரிசிக்கு. தினமும் தட்டில் அதிகமாக விழுவது அதுதானே.

சரி, எதை நம்புவது? பாக்கெட்டில் வருவதைச் சரிபார்ப்பது ஓரளவு சுலபம். 2017 விதிகளின்படி ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த முத்திரைக்குப் பின்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று என்.பி.ஓ.பி., அதாவது வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து சோதித்துச் சான்று தருவது. இன்னொன்று பி.ஜி.எஸ்., அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. இரண்டாவதைச் சிலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் ராத்திரியில் மருந்து அடிக்கிறார் என்பது பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தெரிவது போல வேறு யாருக்குத் தெரியும்? ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே நிலம் ஆர்கானிக் ஆகிவிடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு வருடத்துக்குள் முடியும் பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம் மாறும் காலம் என்று என்.பி.ஓ.பி. வைத்திருக்கிறது. “போன வருஷம்தான் ஆரம்பிச்சோம், எல்லாமே ஆர்கானிக்” என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

கீரையும் காயும்தான் சிக்கல். சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரடியாக மக்களிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை என்று அதே விதிகள் விலக்குத் தருகின்றன. சின்ன விவசாயிக்கு அது நல்லது, தேவையும்கூட. ஆனால் நமக்குப் பார்ப்பதற்குக் காகிதம் இருக்காது. இலையில் ஓட்டை இருந்தால் ஆர்கானிக், கத்தரிக்காயில் புழு இருந்தால் ஆர்கானிக் என்பதெல்லாம் கதை. மருந்துக்குப் பழகிப்போன புழு, மருந்து அடித்த காயிலும் இருக்கும்.

இந்த ஊரில் பூச்சிமருந்தைவிட எனக்குப் பெரிய கவலை தண்ணீர். விருஷபாவதி ஆறு நகரத்துக் கழிவையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு பிடதி பக்கம் பைரமங்கலா ஏரிக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிப் பயிர் செய்கிறார்கள். அங்கே நீரிலும் மண்ணிலும் ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை எழுதியாயிற்று. நுரை பொங்கி, தீயும் பிடித்த பெல்லந்தூர் ஏரியை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். இப்படிப்பட்ட தண்ணீரில் வளர்ந்த ஒரு கட்டு தண்டு சொப்பில் (தண்டுக்கீரையில்) பூச்சிமருந்து ஒரு துளிகூட இல்லாமல் இருக்கலாம். “கெமிக்கல் போடலம்மா” என்று விற்பவர் சொல்வதும் சத்தியமாக இருக்கலாம். ஆனாலும் உலோகம் அதற்குள் இருக்கலாம். கழுவினாலும் போகாது. அதனால் கீரைக்காரரிடம் நான் முதலில் கேட்பது உரத்தைப் பற்றி இல்லை, “எந்தத் தண்ணி?” என்றுதான்.

இப்போது நான் காய் வாங்குவது ஓசூரை அடுத்த தளிப் பக்கத்திலிருந்து சனிக்கிழமை காலையில் சின்ன யானை வண்டியில் பாணஸ்வாடி வரும் ஒரு தம்பியிடம். அவரிடம் சான்றிதழ் கிடையாது. இருக்கிறது என்று அவர் சொன்னதும் இல்லை. முதல் தடவை அவர் வண்டியைப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. அவரைக்காய், பீர்க்கங்காய், முள்ளங்கி, கொஞ்சம் கொத்தமல்லி, அவ்வளவுதான். காலிஃப்ளவர் கேட்ட ஒரு அம்மாவிடம் “இந்த சீசன்ல மருந்து இல்லாம நம்மால முடியாதும்மா, கடையில வாங்கிக்கோங்க” என்றார். அந்தப் பதில்தான் என்னை அங்கே நிறுத்தியது.

ஒரு சனிக்கிழமை தக்காளிக் கூடையில் கை வைக்கப் போனேன். “அக்கா, அது வேண்டாம்” என்று தடுத்தார். “ஊசிப்புழு தாங்கல. விட்டா மொத்தமும் போயிரும்னு அடிச்சுட்டேன். அது மார்க்கெட் கூடை, தெரியாம வண்டியில ஏறிடுச்சு.” சொல்லும்போது அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கூடை வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். அது என்னை இப்போதும் உறுத்துகிறது. ஆனால் விதை, உரம், ஆள் கூலி என்று கடன் வாங்கிப் போட்டவர், புழு வந்தால் மொத்த நஷ்டத்தையும் தனியாகச் சுமக்க வேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது? நமக்காக அவர் மருந்து அடிக்காமல் இருந்தால், விளைச்சல் பறிபோகும் வாரத்தில் அவருக்குக் கை கொடுப்பது யார்? ஆர்கானிக் விலை அதிகம் என்று முணுமுணுக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

அவர் தோட்டத்தையும் போய்ப் பார்த்தேன். பக்கத்து நிலத்தில் பசுமைக்குடில் ரோஜா. ஓசூர், தளிப் பக்கம் ரோஜா சாகுபடி அதிகம், ரோஜாவுக்கு மருந்தும் அதிகம். அந்தப் பக்கத்து வரப்பு நெடுக சோளத்தை அடர்த்தியாக விதைத்திருந்தார். காற்றில் வரும் மருந்தைக் கொஞ்சமாவது அது தடுக்கும். “முழுசா நிக்காதுக்கா, அதனால இந்த ஓரத்துல வர்றதை உங்களுக்குக் கொண்டு வர்றதில்ல” என்றார். எந்தக் கடையிலும் எனக்கு இந்தத் தகவல் கிடைத்ததில்லை. தன் பொருளில் இருக்கும் குறையைத் தானே சொல்கிறவர், மற்றதைப் பற்றிச் சொல்லும்போதும் நம்பலாம் என்பது என் கணக்கு. வருடம் முழுக்க எல்லாக் காயும் அடுக்கி வைத்து, எல்லாமே சுத்தம், எல்லா நோய்க்கும் நல்லது என்று சொல்லும் கடைக்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன், மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் போனது போக மிச்சத்தில்தானே இதெல்லாம். எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க எங்களால் முடியாது. தோலை உரித்தோ சீவியோ சமைக்கும் வெங்காயம், பூசணி, சுரைக்காயைச் சாதாரணக் கடையிலேயே வாங்குகிறேன். அரிசிக்கு அடுத்து, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், திராட்சை இவற்றுக்குத்தான் கூடுதல் காசு. தோலோடு அல்லது இலையோடு அப்படியே உள்ளே போவது இவைதான். கழுவுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2017-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் தோலின் மேலிருந்த மருந்து நீங்கியது. உள்ளே இறங்கியது போகவில்லை. எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஆர்கானிக் காய்க்கும் இதேதான். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கிச் சத்தையெல்லாம் கொட்டுறியே” என்று என் மாமியார் வருத்தப்படுவார். அவருக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என் பங்கை மட்டும் வடிக்கிறேன்.

சித்தி மகளுக்கு நான் சொன்னது இதுதான்: கடைக்குப் போகும் முன் உன் ரத்தப் பரிசோதனைத் தாளோடு ஒரு டயட்டீஷியனைப் பார். உனக்குப் பொட்டாசியம் சரியாக இருந்தால் நான் விலக்குவதை நீ விலக்க வேண்டியதே இல்லை. என் பட்டியலைப் பார்த்து நீ பட்டினி கிடக்காதே. மூன்றாம் நிலையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து, ஹொரமாவு பக்கத்திலிருந்து வரும் கீரையை என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். ஒரு குடும்பத்துக்குக் கட்டணம் கடினம், பகிர்ந்தால் தாங்கும். பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனிச் சோதனை, கன உலோகத்துக்குத் தனிச் சோதனை. கடைக்காரர் ரிப்போர்ட் காட்டினால் அது எந்தச் சோதனை, எந்தப் பயிர், எந்தத் தேதி என்று பாருங்கள். கீரைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவருக்கும் தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை, அதையும் ஒரு பாட்டிலில் கொண்டுவருகிறார். ராமமூர்த்தி நகர், பாணஸ்வாடி, கம்மனஹள்ளி பக்கம் இருப்பவர்கள் சேர்ந்துகொள்வதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். ஆட்கள் கூடினால் அரிசியையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.